ஓவர்லோடுக்கு ஒரு கிலோ கறி

பிப்ரவரி 9

சந்தேகத்துக்கு,

சந்தேகம் என்று உன் அண்ணன் வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பூனைக்கான சத்துப் பொடி வந்து சேர்ந்தது. அவர் கண்ணை மூடிய பதினாலு மாதத்தில் இது ஏழாவது டப்பா. ஏழு மூடியிலும் உன் கையெழுத்தில் ஒரே சீட்டு. "ஒரு கிலோ கறிக்கு இரண்டு தேக்கரண்டி. கறி ஆறிய பிறகு கலக்கவும்." எல்லாவற்றையும் ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். நலமா என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் பொடி ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓவர்லோடு முன்னே மாதிரி இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பு காது முதலில் வரும், பிறகு தலை வரும், வேண்டுமென்றால் உடம்பும் வரும். இப்போது காது மட்டும்தான். ரொம்பக் கூப்பிட்டால் லாரி திரும்புகிற மாதிரி முழு உடம்பையும் சுற்றிக்கொண்டு திரும்புகிறான். தையல் மெஷின் மேல் ஏறுவதில்லை. முதுகு முடி சிக்குப் பிடித்துக் கிடக்கிறது. அவ்வளவு சுத்தக்காரன், இப்போது நக்கிக்கொள்வதே இல்லை.

எதிர் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "பன்னெண்டு வயசாச்சுல்ல, பூனைக்கு மட்டும் வயசாகாதா?" என்றாள். என் எண்ணம் வேறு. அவனுக்கு என்மேல் கோபம். அவரை நான்தான் எங்கேயோ அனுப்பிவிட்டேன் என்று நினைக்கிறான். எல்லாரும் கோபித்துக்கொண்டு போயாயிற்று, இவன் ஒருத்தன் எதற்குப் பாக்கி?

ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன அவர் குழிக்குள் இறங்கி இவனை எடுத்துக்கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சட்டைப் பைக்குள்ளே இருந்தான். நீதான் தராசில் வைத்துப் பார்த்தாய், இருநூற்றுப் பத்து கிராம். "ஆளப் பாரு, ஓவர்லோடு!" என்றார் அவர். அதுவே பெயராயிற்று.

போன் பண்ணியிருக்கலாம். நீ எடுத்தால் என்ன பேசுவது, எடுக்காவிட்டால் என்ன நினைப்பது என்று ரெண்டு பக்கமும் பயம். எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

அண்ணி

*

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

பூனைக்குக் கோபம் என்று சொல்ல நீங்கள் எழுதியிருப்பது போதாது. பூனை பதினான்கு மாதம் கோபித்துக்கொண்டு இருக்கும் என்பதையும் என்னால் நம்ப முடியவில்லை. மனிதர்களால் முடியும். சில விவரங்கள் வேண்டும். கழுத்தைத் தொட்டால் கத்துகிறதா? தட்டில் குனிந்து சாப்பிடுகிறதா, படுத்துக்கொண்டா? எப்போதிலிருந்து? சட்டியில் என்னென்ன போடுகிறீர்கள், எவ்வளவு? பழைய கணக்கில் எதையாவது மாற்றினீர்களா?

தீவன ஆய்வுக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே ஒரு நாளைக்கு நாற்பது மாதிரிகளைச் சோதிக்கிறோம். மாட்டுக்கு, கோழிக்கு, மீனுக்கு. பூனைக்கு வீட்டில் சமைப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். அண்ணன் டப்பா உணவை மோந்து பார்த்துவிட்டு, "இத நீ தின்னுவியா? அப்ப அவன் ஏன் திங்கணும்?" என்று கேட்டபோது, இது ஒரு வாதமே இல்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தராசோடு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எலும்பு நீக்கிய தொடைக்கறி ஒரு கிலோ, ஈரல் அறுபது கிராம், இரண்டு மஞ்சள் கரு. நீங்கள் முட்டை ஓட்டை வறுத்து, மாவு மாதிரி அரைத்துச் சல்லடையில் சலிப்பீர்கள். கறி வெந்த தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடக் கொட்டக்கூடாது என்று நான் காவலுக்கு நிற்பேன், கறியின் சத்தில் பாதி அதில்தான் இறங்கியிருக்கும் என்பதால். அண்ணன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்ப்பான், குழந்தைக்குப் பால் பார்ப்பதைப் போல. சூடாக இருக்கும்போது வைட்டமின் கலந்தால் வீண். அவன் அவசரப்படுவான், நான் இன்னும் ஐந்து நிமிடம் என்பேன். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாம் மூன்று பேரும் டீ குடித்திருக்கிறோம்.

விவரங்களை எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 24

சந்தேகத்துக்கு,

பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது உன் கடிதம். வரிசையாகப் பதில் எழுதுகிறேன், மதிப்பெண் போடு.

கழுத்தைத் தொட்டால் கத்துவதில்லை, உறுமுகிறான். போன வாரம் அளவு நாடாவால் அளந்து பார்க்கலாம் என்று போனேன், கையைக் கீறிவிட்டான். குனிந்து சாப்பிட மாட்டேன் என்கிறான். தட்டைப் பழைய தையல் பெட்டிமேல் தூக்கி வைத்தால்தான் சாப்பிடுகிறான். ஆறேழு மாதமாகவே இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக.

என்ன போடுகிறேன் என்றால், நீ சொன்னதைத்தான் போடுகிறேன். ஒரு கிலோ தொடைக்கறி. மஞ்சள் கரு ரெண்டு. வெந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. நீ காவலுக்கு இல்லாவிட்டாலும் கொட்டுவதில்லை. உன் பொடி ரெண்டு தேக்கரண்டி, கத்தியால் மட்டம் தட்டி. அதிலேயே சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருந்ததால் முட்டை ஓடு அரைப்பதை விட்டுவிட்டேன்.

மாற்றியது ஒன்றே ஒன்றுதான். ஈரல். அவர் போன பிறகு இவன் ஒன்பது நாள் ஒன்றையும் தொடவில்லை. கதவுக்குப் பின்னால் அவருடைய வேலைச் செருப்புமேல் படுத்தே கிடந்தான். பத்தாவது நாள் ஈரலை மட்டும் தனியாக வேகவைத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். தின்றான். அன்றைக்கு நான் அழுததை வேறு யாரும் பார்க்கவில்லை. பிறகு ஈரல் வாசனை இல்லாவிட்டால் தட்டைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்தான். அறுபது நூறாயிற்று, நூறு இருநூறாயிற்று. இப்போது கிலோவுக்கு இருநூற்றைம்பது போடுகிறேன்.

கறிக்கடைக்காரர்கூடக் கேட்டார். "என்னக்கா, வீட்ல யாருக்கு ரத்தம் கம்மி?"

"யாருக்கும் இல்ல. பூனைக்கு."

"பூனைக்கா! நான் உங்க வீட்டுப் பூனையா பொறந்திருக்கணும்க்கா. என் பொண்டாட்டி ஈரல எனக்குக் கண்ல காட்டுறதில்ல."

உன் சீட்டில் ஈரலைப் பற்றி ஒன்றும் இல்லை. கேட்கலாம் என்று ரெண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். கேட்டால் நீ ஒரு கேள்வி திருப்பிக் கேட்பாய். எல்லார் முன்னாலும் நீ கேட்ட ஒரு கேள்வியே எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அதனால் கேட்கவில்லை.

அண்ணி

*

மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

இது தபாலுக்குக் காத்திருக்கக்கூடாது என்பதால்தான் நேற்றே போனில் செய்தி அனுப்பினேன்: "ஈரலை இன்றே நிறுத்துங்கள், பொடியையும் நிறுத்துங்கள்." நீங்கள் "சரி" என்று பதில் அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

அண்ணன் இருந்தபோது நாம் சத்துகளைத் தனித்தனியாக அளந்து போட்டோம். வைட்டமின் ஏ மட்டும் தனியாகப் போடவில்லை, ஏனென்றால் அது ஈரலிலேயே இருக்கிறது. அறுபது கிராம் என்று கணக்குப் போட்டதே அதற்காகத்தான். அவன் போன பிறகு நீங்கள் தனியாக ஆறு டப்பாக்களைத் திறந்து அளக்க வேண்டாம் என்று எல்லாம் கலந்த ஒரே பொடியை அனுப்பத் தொடங்கினேன். அது ஈரல் சேர்க்காமல் சமைப்பவர்களுக்கான பொடி. வைட்டமின் ஏ அதற்குள்ளேயே இருக்கிறது. அதைப் போடும்போது ஈரல் கூடாது.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

அந்தச் சத்து அளவுக்கு மீறினால் வெளியே போகாது, உடம்பிலேயே தங்கும். மாதக்கணக்கில் தங்கினால் கழுத்து எலும்புகளில் புதிதாக எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூனையால் தலையைத் திருப்ப முடியாது, குனிய முடியாது, முதுகை நக்க முடியாது. நீங்கள் எழுதிய ஒவ்வொரு அறிகுறியும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரிந்த பக்கம் அது.

நீங்கள் ஈரலைக் கூட்டியதும் சேர்ந்துகொண்டது என்பது உண்மைதான். ஆனால் ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் கூட்டியிருக்க மாட்டீர்கள். இந்தக் கடிதத்தோடு பூனையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். கழுத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கடிதத்தை அவரிடமே கொடுங்கள். நான் மறைக்க ஒன்றும் இல்லை.

நாத்தனார்

*

மார்ச் 12

சந்தேகத்துக்கு,

போய்விட்டு வந்தேன். கூடையில் வைத்துத் துணி போட்டு மூடி, பஸ்ஸில். வழி முழுக்கப் பாட்டுக் கச்சேரி. பக்கத்து சீட்டுக்காரர், "குழந்தைக்கு என்னம்மா உடம்புக்கு?" என்று கேட்டுத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

டாக்டர் ஒரு பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். கழுத்தில் நாலு எலும்பு, வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. எனக்கே புரிந்தது.

"இது பழைய மாதிரி ஆகுமா?" என்று கேட்டேன்.

"ஒட்டினது ஒட்டினதுதான்மா. ஈரல நிறுத்திட்டீங்கல்ல, இனிமே வளராது. வலி கொறையும். கொஞ்சம் அசைவு வரலாம், வராமலும் போகலாம். ரெண்டு மாசம் பாக்கலாம்." பிறகு உன் கடிதத்தைப் படித்தாள். "இந்தக் கணக்கு யார் போட்டது?"

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றேன். அது என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது.

"எழுதினவங்க டாக்டரா?"

"இல்ல, என் நாத்தனார்."

"நாத்தனாரா! தப்பு என் மேலன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்களே. இத பிரேம் போட்டு மாட்டுங்கம்மா. எனக்கும் ஒருத்தி இருக்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறாள். ஈரல் இல்லாத கறியை முதல் நாள் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ரெண்டாம் நாளும். மூன்றாம் நாள் என் கையிலிருந்து ஒரு கவளம். இப்போது முக்கால் தட்டு சாப்பிடுகிறான். பொடி இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? அதில் இருக்கிற டாரின் சத்து இல்லாவிட்டால் பூனைக்குக் கண் போகும், இதயம் போகும் என்று நீதானே அன்றைக்குப் பாடம் எடுத்தாய்.

ஒன்று மட்டும் மனசைப் போட்டு அறுக்கிறது. எத்தனை நாள் இவனைத் திட்டியிருக்கிறேன், தெரியுமா? "திரும்பிக்கூடப் பாக்க மாட்டியாடா, அவ்வளவு திமிரா?" என்று. அவன் திரும்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறான், நான் கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

அண்ணி

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தப் பார்சலில் ஆறு சிறிய டப்பாக்கள் இருக்கின்றன. பழைய முறைதான், ஒவ்வொன்றும் தனித்தனி. எதிலும் வைட்டமின் ஏ இல்லை. மருத்துவர் அனுமதிக்கும் வரை ஈரலும் இல்லை. எது எவ்வளவு, எது எதோடு கூடாது என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் சீட்டை எழுதும்போது என் மேசையில் முழுத் தாள் இருந்தது. "அண்ணிக்கு" என்று தொடங்கிவிட்டு மேலே போக முடியவில்லை. நலமா என்று கேட்டால் அன்று நான் பேசியதைப் பற்றி அடுத்த வரியில் எழுத வேண்டியிருக்கும். அதனால் தாளைக் கிழித்து ஓரத்தில் அளவை மட்டும் எழுதி ஒட்டினேன். ஈரலைப் பற்றிய வரி அந்தக் கிழித்த பாதியில் வந்திருக்க வேண்டியது. இதை மறதி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

அன்று அண்ணனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவனோடு வேலை செய்தவர்கள், உங்கள் தையற்கூடத்துப் பெண்கள், உறவுக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். நான் கேட்டேன்: "உப்பக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரே, குறைச்சீங்களா அண்ணி?" கேள்வியைப் போலக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போனேன். அடுத்த மாதமே, மூன்று வருடமாக வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருந்த இந்த ஊர் மாற்றலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியை மூன்று முறை சோதிக்காமல் ஒரு எண்ணைக்கூட நான் எழுதியதில்லை. உங்களைப் பற்றி எந்தச் சோதனையும் இல்லாமல் எல்லார் முன்னாலும் சொன்னேன். யார் மீதாவது போட்டால் தாங்கலாம் போலிருந்தது. நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

மன்னியுங்கள் என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. எழுதுகிறேன். மன்னியுங்கள்.

நாத்தனார்

*

ஏப்ரல் 2

சந்தேகத்துக்கு,

மூன்று பக்கத்தையும் படித்தேன். பழைய சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ஒட்டினேன். ஃபிரிட்ஜ் கதவே தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குறைத்தேன். ஐந்து வருடம். முதலில் பாதி, பிறகு கால், கடைசி ரெண்டு வருடம் சுத்தமாக இல்லை. எனக்கும் அதே சாப்பாடுதான். தனியாக எனக்கு மட்டும் உப்புப் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை.

அவர் வெளியே சாப்பிட்டார். உப்புக் கடலை, பொரித்த மீன், கிடைத்ததெல்லாம். ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார் போலிருக்கிறது. எப்படித் தெரியும் என்கிறாயா? நான் தையல்காரி. சட்டைப் பை உள்பக்கத்தில் எண்ணெய்க் கறை, தையல் இடுக்கில் உப்பு. துவைத்தாலும் போகாத கறை. ரெண்டு சட்டையில் பையைப் பிரித்துப் புதுத் துணி வைத்துத் தைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், பிறகு பொய் சொன்னோமே என்று வருத்தப்படுவார்.

அன்றைக்கு நீ கேட்டபோது இதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவர் அங்கே படுத்திருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவர் திருட்டுத்தனமாகக் கடலை தின்றார் என்று அவரை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? பழி என்மேல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். ஆனால் நீ சொன்னது வலித்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் வலித்திருக்காது.

உன்னை மன்னிக்கலாமா என்று யோசித்தேன். ஈரலைக் கேட்காமல் கூட்டியவள் நான், எனக்கும் பங்கு இருக்கிறது. ரெண்டு பேரும் வாயைத் திறக்காததில் கழுத்து போனது அவனுக்கு.

நேற்று ஒரு நல்லது நடந்தது. ஜன்னல் ஓரம் வெயிலில் உட்கார்ந்திருந்தவன் தோள்பட்டையை நக்கினான். எட்டிப் பிடித்து, நிறுத்தி, மறுபடியும். முதுகுக்கு எட்டவில்லை. டாக்டர், "இவ்வளவுதான் வரும்மா, இதுவே நல்லது" என்றாள். முதுகை நான் சீவி விடுகிறேன். காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்து ஒரு தடவை. முதலில் உறுமினான். இப்போது சீப்பை எடுத்தாலே முதுகைக் காட்டிக்கொண்டு வந்து உட்காருகிறான்.

அண்ணி

*

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு வெளியே போய் அரைக் கிலோ தொடைக்கறி வாங்கிவந்தேன். பூனைக்குப் பன்னிரண்டு வருடம் கணக்குப் போட்டிருக்கிறேன், தராசு பார்த்திருக்கிறேன், காவல் நின்றிருக்கிறேன். ஒரு நாளும் நான் சமைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் அறையில் ஒரே ஒரு அடுப்புதான் இருக்கிறது. வேகவைத்தேன். தண்ணீரைக் கொட்டவில்லை. நறுக்கினேன், மஞ்சள் கரு சேர்த்தேன். மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது, காத்திருந்தேன். பேசுவதற்கு ஆள் இல்லாமல் ஐந்து நிமிடம் மிக நீளம். பொடிகளை மட்டும் கலக்கவில்லை. இந்த அறையில் பூனை இல்லை. தட்டில் போட்டு நானே சாப்பிட்டேன், உப்பில்லாமல்.

மூன்றாவது வாயில் நின்றுவிட்டேன், அண்ணி. நாக்கு எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது, அது வரவே இல்லை. எழுந்து உப்பு ஜாடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். தட்டைக் காலி செய்ய நாற்பது நிமிடம் ஆயிற்று. நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வருடம் இதைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். அண்ணன் மொட்டை மாடிக்கு ஓடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு நாளும் அவன் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. கடலையைத் தின்று வயிறு நிறைந்தவன், வீட்டுக்கு வந்து இதையும் வழித்துச் சாப்பிட்டிருக்கிறான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்து நாள் விடுப்பில் வருகிறேன். பூனையின் முதுகைக் காலையில் நீங்கள் சீவுங்கள், மாலையில் எனக்கு விடுங்கள், அது சம்மதித்தால்.

இன்னொன்று. பையை மாற்றித் தைத்துவிட்டு, அவனிடம் ஒன்றும் கேட்காமல் விட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் லிஃப்ட் பார்த்தவன் அவன். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் எந்தத் திருகு புதிது, எந்தக் கம்பியை யார் மாற்றினார்கள் என்று சொல்லிவிடுவான். தினமும் கையை விடும் சட்டைப் பையில் புதுத் துணி இருப்பது அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, அண்ணி.

நாத்தனார்